வாளியிலிருந்து ஆரம்பிப்போம்

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் வந்து, "வீட்டில் தோட்டம் போடணும், எந்தச் செடியில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். செடியில் ஆரம்பிக்காதீர்கள் என்றேன். தோட்டத்தைப் பற்றிப் பேச வந்த ஆளே இப்படிச் சொன்னால் என்ன செய்வார் பாவம், சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பாதியில் விட்ட பதிலைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நான் ஆரம்பித்தது தக்காளியில். எட்டுத் தொட்டி. என் பால்கனியில் காலையில் இரண்டு மணி நேரம் வெயில் விழும், அப்புறம் எதிர்க் கட்டடத்தின் நிழல் வந்து மூடிவிடும். செடிகள் வெளிச்சம் தேடிக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி நீட்டி, மெலிந்துபோய், என் தோள் உயரத்துக்கு வந்து நின்றன. மூன்று மாதத்தில் நான்கு காய், அதில் ஒன்றைப் பறவை கொத்திவிட்டது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டேன், இலைதான் பெருத்தது. தப்பு உரத்தில் இல்லை, வெயிலில். தக்காளி, மிளகாய், கத்தரி மாதிரி காய்க்கிற செடிகளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இலைக்காக வளர்ப்பவை மூன்று நான்கு மணி நேர வெயிலிலேயே சமாளித்துக்கொள்ளும். இது தெரிந்த பிறகு நான் கீரைக்கும் புதினாவுக்கும் மாறினேன், அன்றோடு என் பால்கனி பிழைத்தது.

சரி, நகரத்தில் ஏன் வளர்க்க வேண்டும்? பலரும் சொல்லும் காரணம், உணவு வெகுதூரம் பயணம் செய்து வருவதால் புகை அதிகம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படி இல்லை. 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபர், மேத்யூஸ் என்ற இருவர் அமெரிக்கக் குடும்பங்களின் உணவை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். உணவால் வெளியேறும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு மொத்தமே 11 சதவீதம், அதிலும் விளைவித்தவரிடமிருந்து கடைக்கு வந்து சேரும் கடைசிப் பயணம் வெறும் 4 சதவீதம். 83 சதவீதம் விளைவிக்கும் இடத்திலேயே வெளியாகிவிடுகிறது. பக்கத்து ஊரிலேயே ஆனாலும், ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் பருவம் தப்பி விளைந்த தக்காளியைவிட, தூரத்தில் திறந்தவெளியில் வெயிலில் பழுத்தது மேலாக இருக்கக்கூடும். விமானத்தில் வருவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேறு கதை.

அப்படியானால் மாடித்தோட்டம் வெட்டி வேலையா? இல்லை. அதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கைப்படி 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். கடைகளும் ஹோட்டல்களும் சேர்ந்தாலும் வீட்டை மிஞ்சவில்லை. எங்கே வீணாகிறது என்று உங்கள் ஃபிரிட்ஜின் அடித்தட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குகிறோம், நான்கு தண்டு தேவை, மீதி கறுத்துக் குழகுழவென்று கவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தொட்டியில் இருந்தால் நான்கு தண்டைத்தான் கிள்ளுவோம். மீதி வேரோடு நிற்கும், வாடாது. அரிசியையும் கோதுமையையும் பால்கனியில் விளைவிக்க முடியாது, ஒருவர் வயிற்றுக்குக்கூடப் போதாது. சீக்கிரம் வதங்குவதை மட்டும் வளருங்கள், மீதியை வாங்குங்கள்.

இப்போது வாளிக்கு, அதாவது சமையலறைக் கழிவை உரமாக்கும் வாளிக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றிக் காய்கறி போட்டவர்கள், நகரத்துக் குதிரைகளின் சாணத்தைக் குவித்து, அது புளிக்கும்போது வருகிற சூட்டில் குளிர்காலத்திலேயே கீரை வகைகளை எடுத்தார்கள். நகரத்துக் கழிவு தோட்டத்துக்குப் போனது, தோட்டத்து இலை நகரத்துக்கு வந்தது. குதிரைக்கு நாம் எங்கே போவது? நம்மிடம் இருப்பது காய்த்தோல். என் முதல் வாளியில் தோலாகப் போட்டு மூடினேன். ஒன்பதாம் நாள் மாடி வீட்டு அக்கா கதவைத் தட்டி, "உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். காற்றுப் புகாத ஈரத்தில் எல்லாம் அழுகிப்போயிருந்தது. ஒரு பங்கு தோல் போட்டால் இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ போட வேண்டும், வாளியில் சுற்றிலும் ஓட்டை வேண்டும், வாரம் ஒருமுறை கிளற வேண்டும். பதம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் தோலா அட்டையா என்றே தெரியாமல் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வரும். அந்த அக்கா இப்போது தன் வீட்டுத் தோலையும் என்னிடம்தான் தருகிறார்.

இரண்டு எச்சரிக்கை, சுருக்கமாக. ஈர மண் கனம். ஒரு சதுர மீட்டரில் ஒரு அடி உயரம் போட்டால் அரை டன்னை நெருங்கும், மாடி தாங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தரையில் போடுவதாக இருந்தால், பழைய பெயின்ட், ஒரு காலத்துப் பெட்ரோல் வழியாக நகர மண்ணில் ஈயம் தங்கியிருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள், இல்லையென்றால் வெளிமண் நிரப்பிய தொட்டியிலோ மேடைப் பாத்தியிலோ போடுங்கள்.

வாங்குவதற்கு வருவோம். 1970களில் ஜப்பானில் தெய்கேய் என்று ஓர் ஏற்பாடு பரவியது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, விளைந்ததை நேரடியாக எடுத்துக்கொள்வார்கள். கூடுதலோ குறைவோ, வந்தது வந்ததுதான். அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இப்போ உங்ககிட்ட எது விளையலை?" நிஜமாக விளைவிக்கிறவர் உடனே நான்கைந்து பெயர் சொல்வார், ஏன் வரவில்லை என்று பத்து நிமிடம் புலம்புவார். எல்லாம் எப்போதும் இருக்கிறது என்கிறவர் மொத்தச் சந்தையில் வாங்கி விற்கிறவர். அதில் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். இப்படி விளைவிக்கிறவரிடம் வாங்குவதன் ருசியே என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்யாமல் பையோடு போவதில்தான் இருக்கிறது. எனக்கு இது பழக ஒரு வருஷம் ஆனது.

முதலில் கேட்டவருக்கு: நாளைக்கு எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்குப் பால்கனியை எட்டிப் பாருங்கள். வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து இன்னொரு முறை போடுங்கள், கோடு நகர்ந்திருக்கும். அதற்குள் வாளியும் தயாராகிவிடும், செடி வாங்க அப்புறம் போகலாம்.