விதைக்கு ஒதுக்கிய ஐந்து கயிறு

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, வலையை உலரப் போட்டுவிட்டு வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் மண்டபம், பாம்பன், வேதாளை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"இன்றைய நிர்வாகிக்குப் பெரிதும் கைகொடுப்பது முன்னோர் தந்த மெய்யறிவா, நவீன மேலாண்மைக் கல்வியா?" என்பது தலைப்பு. மெய்யறிவே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "குறளைச் சொன்னால் கூட்டம் கைதட்டும், கடன் கேட்டுப் போனால் வங்கியில் திட்ட அறிக்கைதான் கேட்பார்கள்" என்றார். நல்ல கேள்வி. அந்தத் திட்ட அறிக்கையிலேயே தொடங்குகிறேன்.

"பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும்
இருள்தீர எண்ணிச் செயல்."

இதை, இந்தக் கரையில் கடற்பாசி வளர்க்கும் ஐந்து பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்குப் பொருத்திப் பாருங்கள். பொருள் என்றால் கையிருப்பு, வாங்கப்போகும் கடன், முதல் அறுவடை வரைக்குமான வீட்டுச் செலவு. இந்த மூன்றாவதை எழுத மறந்தால் முதல் மாதமே வட்டிக்கு வாங்க வேண்டிவரும். கருவி என்றால் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. பெருக்கிப் பாருங்கள், மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். காலம் 45 நாள். ஆளுக்கு 45 மிதவை வைப்பது அதனால்தான். நாளுக்கு ஒன்றை அறுத்து அன்றே நட்டு வந்தால், கடைசி மிதவையை அறுத்த மறுநாள் முதல் மிதவை விளைந்து நிற்கும். வினை என்பது நடுவது, ஒட்டிய அழுக்கையும் வேறு பாசியையும் களைவது, மணல் படாமல் காயவைப்பது. இடம் என்றால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஓட வேண்டும், அலை அறையக் கூடாது. வாடைக்காற்று மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் போட்ட மிதவை தாங்காது.

'இருள்தீர' என்ற சொல்லைத்தான் பலரும் தாண்டிப் போகிறோம். ஐந்தில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் இருள் தீரவில்லை, கையெழுத்துப் போடாதே என்று அதற்குப் பொருள்.

"இந்தக் கிலோக் கணக்கெல்லாம் வள்ளுவரா கொடுத்தார்?" என்று எதிரணி கேட்கும். இல்லை, ஆய்வும் அனுபவமும் கொடுத்தவை. அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுவடை நாளில் என்ன நடக்கிறது? 60 கிலோ நட்டது நன்றாக வந்தால் 240 கிலோ ஆகும். அதில் 60 அடுத்த நடவுக்கு. மீதி 180 கிலோ காய்ந்தால் 18 கிலோ தேறும். விலை ஏறிய வாரம், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம், அந்த விதைப்பாசியும் கண்ணுக்குப் பணமாகத்தான் தெரியும். விற்றுவிட்டால் அடுத்த நடவுக்குக் காசு கொடுத்து வெளியே விதை வாங்க வேண்டும். அது எந்தத் தண்ணீரில் எத்தனை நாள் வாடியதோ தெரியாது.

"ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை
ஊக்கார் அறிவுடை யார்."

வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலுள்ள முதலை இழக்காதே என்கிறார். இதை நடைமுறை விதியாக எழுதலாம். மிதவையில் 20 கயிறு. விதைக்கு வேண்டியது ஐந்து கயிற்றுப் பாசி. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மிச்சத்தை விதைக்கு எடுத்தால் முற்றியதும் முறிந்ததும்தான் கிடைக்கும். ஆகவே அறுக்கும் முன்பே, இளங்கொழுந்து உள்ள ஐந்து கயிற்றை ஒதுக்க வேண்டும். விதைக்குப் பொறுப்பானவரும் விலை பேசுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" என்பது இதைத்தான். விலை பேசக் கெட்டிக்காரராக இருப்பவர் விதையைக் காப்பதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று எண்ணுவதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் பாசித்தண்டு வெளுத்துப் பட்டென்று முறியும். அப்போது குழுவுக்குள் யாரைக் குறை சொல்வது என்ற பேச்சு கிளம்பும். அடிமையாகப் பிறந்து ஆசானாக உயர்ந்த கிரேக்க ஞானி எபிக்டெட்டஸ், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் முதலில் பிரித்துவிடு என்று போதித்தார். கூட்டத்தில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். வெயில் நம் கையில் இல்லை. விதையில் ஒரு பங்கை வேறோர் இடத்தில் வைப்பதும், வெளுத்த தண்டைக் கண்ட அன்றே வெட்டி எடுப்பதும் நம் கையில். இரண்டாம் பத்திக்கு மட்டும் பொறுப்பாளர் பெயர் போடுங்கள். முதல் பத்திக்காக யாரையும் திட்டாதீர்கள்.

அடுத்தது, "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்." தவறை இடித்துச் சொல்ல ஆளில்லாத தலைவன், கெடுக்க யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார். நம் ராமேசுவரத்து மைந்தர் கலாம் திட்ட இயக்குநராக இருந்தபோது, 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஏவுவதற்கு முன் கணினி நிறுத்தச் சொன்னதையும், வல்லுநர்கள் போகலாம் என்றதையும், தாமே ஏவ முடிவெடுத்ததையும் அவரே மேடைகளில் மறைக்காமல் சொன்னார். அன்று இடித்துச் சொன்னது ஓர் இயந்திரம். எதிரணி பெருமைப்படும் நவீனக் கருவி சரியாகவே சொன்னது. கேட்பதற்கான பயிற்சியைக் கருவி தர முடியாது. தோல்விக்குப் பின் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்முன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றதையும், 1980 ஜூலை 18 அன்று வென்றபோது கலாமைப் பேசவிட்டதையும் கலாமே சொல்லியிருக்கிறார்.

நம் சங்கத்தில் இடிப்பாரை எப்படி உண்டாக்குவது? தலைவர் கடைசியில் பேச வேண்டும், வயதில் சிறியவர் முதலில். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்திலும் மறுத்துப் பேசும் கடமையை ஒருவருக்கு முறைவைத்துக் கொடுங்கள். அப்போதுதான் அது பகையாகாது. மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, 45 நாள் கழித்து அடுத்த அறுவடையில் வாசியுங்கள்.

முதலை இழக்காதே என்ற குறளை வாழ்ந்து காட்டியவர்கள் இந்தக் கரையிலேயே உண்டு. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளைச் சுற்றி முங்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளை எடுக்கும் பெண்களின் தலைவி அவர். அந்தப் பெண்கள் மாதத்துக்கு 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். அன்றாடங் காய்ச்சும் குடும்பம் மீதி நாளில் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பது எவ்வளவு கடினம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்குத் தெரியும்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த ஐந்து கயிற்றை விற்கலாமா என்று குழுவில் நான்கு பேர் கேட்கும்போது, ஐந்தாவது பெண் எதை நம்பி 'வேண்டாம்' என்பார்? மணி அடித்துவிட்டது நடுவரே. நன்றி, வணக்கம்.