ரூபாயா, பாட்டா? பாங்காக்ல தப்பா அழுத்தின பட்டன்! | வெளிநாட்டுல கிரெடிட் கார்டு சொதப்பல்கள்

(கேமராவுக்கு நேரா. கையில ஒரு கசங்கின பில்.)

இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாருங்க. பாங்காக்ல ஒரு கோட் தெச்ச பில். பத்தாயிரம் பாட், அதான் தாய்லாந்துப் பணம். கீழ பொடிப்பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாது. "எந்த நாட்டுப் பணத்துல கட்டணும்னு என்னைக் கேட்டாங்க, நான்தான் ரூபாய்னு சொன்னேன்"ங்கற அர்த்தத்துல எழுதியிருக்கு. அதுக்குக் கீழ என் கையெழுத்து. யாரும் என்னை எதுவும் கேக்கல. ஆனா கையெழுத்து என்னோடதுதான்.

அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு தண்டம் வெச்சதுன்னு பைசா சுத்தமா கணக்குப் போட்டுக் காட்டறேன். அதுக்கு முன்னாடி, அதே ட்ரிப்ல முதல் நாள் ராத்திரி பட்ட அவமானத்தைச் சொல்லிடறேன். அதைக் கேட்டுட்டு சிரிக்கறவங்க எல்லாம் ஒரு லைக் போட்டுடுங்க, நியாயமா இருக்கும்.

(தலைப்பு இசை. மூணு செகண்ட் போதும், எடிட்டர் தம்பி.)

முதல் ராத்திரி. நானும் மச்சானும் இறால், நண்டுன்னு ஒரு கட்டு கட்டிட்டோம். பில் 2,340 பாட். கார்டை நீட்டறேன். மெஷின் ஒரு சத்தம் போடுது பாருங்க, பஸ்ல தப்பான ஸ்டாப்புல இறங்கினா கண்டக்டர் ஒரு பார்வை பாப்பாரே, அந்த மாதிரி சத்தம். டிக்ளைன். மறுபடி. டிக்ளைன். அந்தப் பொண்ணு கார்டைத் துணியில துடைச்சுட்டுப் போட்டுச்சு. அப்பவும் டிக்ளைன். மச்சான் திடீர்னு போன்ல ரொம்ப முக்கியமா எதையோ படிக்க ஆரம்பிச்சுட்டான்.

லிமிட் இருக்கு. பாக்கி எதுவும் இல்ல. அப்புறம் என்னதான் பிரச்சனை? நம்ம ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரில ஒரு உத்தரவு போட்டாங்க, அந்த வருஷம் அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. புதுசா கொடுக்கற கார்டு, மாத்திக் கொடுக்கற கார்டு எல்லாமே நம்ம நாட்டுக்குள்ள ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யணும். வெளிநாட்டுல வேணும்னா நீங்களே ஆப்ல போய் சுவிட்ச் போடணும். என் பழைய கார்டுல அது ஆன்ல இருந்தது. கார்டு எக்ஸ்பயர் ஆகி, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் புதுசு வந்தது. புதுசுல ஆஃப். நான் பாக்கவே இல்ல.

சரி, ஆப்ல போய்ப் போட்டா முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆப் திறக்குது, "உங்க சிம்மைச் சரிபாக்கறோம்"னு சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்னா ஏர்போர்ட்ல இறங்கின உடனே நம்ம ஊர் சிம்மைக் கழட்டிட்டு டூரிஸ்ட் சிம் போட்டாச்சு. நம்ம சிம் ஒரு டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல இருக்கு. எடுத்து மறுபடி போடறேன். ரோமிங் இல்ல, சிக்னல் இல்ல. சரி, ரோமிங் பேக் போடலாம்னு ஹோட்டல்காரங்க வைஃபைல சிம் கம்பெனி ஆப்புக்குள்ள போனா, அது உள்ள விட ஓடிபி கேக்குது! ஓடிபி வரணும்னா ரோமிங் வேணும். ரோமிங் போடணும்னா ஓடிபி வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு சொல்வாங்களே, அதேதான்.

கடைசில வாட்ஸ்அப்ல அப்பாவைக் கூப்பிட்டு, அவர் போன்லேர்ந்து என் நம்பருக்கு ரோமிங் ரீசார்ஜ் பண்ணச் சொன்னேன். "எதுக்குடா இந்த நேரத்துல?"ன்னாரு. நண்டு சாப்பிட்டேன்ப்பான்னு சொல்ல முடியுமா? இருபது நிமிஷம் கழிச்சு ஓடிபி வந்தது. அதுக்குள்ள மச்சான் அவன் கார்டுல கட்டிட்டான். இன்னிக்கு வரைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த நண்டு பேச்சு வராம இருக்காது.

அதனால ரெண்டே விஷயம். கிளம்பறதுக்கு முன்னாடி இங்கேயே ஆப்ல வெளிநாட்டு சுவிட்சை ஆன் பண்ணுங்க. கடை மெஷின், ஏடிஎம், ஆன்லைன், கார்டைச் சொருகாம மெஷின் மேல தொட்டுக் கட்டற டேப் எல்லாத்துக்கும் தனித்தனி சுவிட்ச், லிமிட்டும் தனித்தனி. அடுத்தது, நம்ம சிம்மைக் கழட்டவே கழட்டாதீங்க. சின்னதா ஒரு ரோமிங் பேக் இங்கேயே போட்டுட்டு, அந்த ஊர் இன்டர்நெட்டுக்கு இ-சிம்மோ ரெண்டாவது சிம்மோ வெச்சுக்கங்க.

(நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருறேன்.)

இப்ப கோட்டு விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏமாத்து இது. ஏமாத்துன்னு சொல்லக் கூடாது, சட்டப்படிதான் நடக்குது. ஆனா நான் சொல்லுவேன்.

கார்டைச் சொருகின உடனே மெஷின்ல ரெண்டு வரி வரும். ஒண்ணு அந்த ஊர்ப் பணம், இன்னொண்ணு நம்ம ரூபாய். வெளியூர்ல நம்ம ரூபாயைப் பாத்ததும் சொந்தக்காரனைப் பாத்த மாதிரி ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. அட, எவ்வளவுன்னு இங்கேயே தெரிஞ்சுபோச்சேன்னு ரூபாயை அழுத்திடுவோம். அந்தச் சொந்தக்காரன் கடன் கேக்க வந்திருக்கான்னு அப்புறம்தான் தெரியும்.

இதுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன்னு பேரு, சுருக்கமா டிசிசி. வீசா, மாஸ்டர்கார்டு ரேட்டுல மாத்தாம, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த கம்பெனியே அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு மாத்திடுது. அந்த லாபத்துல கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. கவுன்ட்டர்ல இருக்கறவர் உங்களைக் கேக்காமலே ரூபாயை அழுத்தறது எதுக்குன்னு இப்பப் புரியுதா?

சரி, நீங்க இந்தியாக்காரர்னு மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சது? மூஞ்சியைப் பாத்தா? இல்ல. உங்க கார்டை எடுங்க. முதல் நம்பர் 4னா வீசா. 5னா மாஸ்டர்கார்டு. 3னா பெரும்பாலும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸா இருக்கும். முதல் ஆறு இல்ல எட்டு நம்பரைச் சேத்துப் பாத்தா எந்த பேங்க், எந்த நாடு, எந்த வகைக் கார்டுன்னு மெஷினுக்குத் தெரிஞ்சுடும். கார்டு நம்பர்லயே நம்ம ஜாதகம் இருக்குங்க! (சாமி, உங்க நம்பரை யாரும் கமென்ட்ல போட்டுடாதீங்க. சத்தியமா சொல்றேன், போடறவங்க இருக்காங்க.)

இப்ப கணக்கு. ஒரு பாட் ரெண்டரை ரூபாய்னு வெச்சுக்குவோம்.

(திரையில் கணக்கு ஒவ்வொரு வரியா வரட்டும்.)

நான் பாட்ல கட்டியிருந்தா: பத்தாயிரம் பாட், 25,000 ரூபாய். நம்ம பேங்க் இதுக்கு மேல மார்க்அப்னு ஒரு கூடுதல் கட்டணம் போடும். நிறைய கார்டுக்கு 3.5 பர்சன்ட். அதாவது 875 ரூபாய். அந்த 875க்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, 157 ரூபா 50 காசு. மொத்தம் 26,032 ரூபா 50 காசு.

ரூபாய்ல கட்டினா: மெஷின் கம்பெனி 6 பர்சன்ட் கூட வெச்சான்னு வெச்சுக்குங்க, 26,500. அதோட முடிஞ்சதுன்னுதானே நினைக்கறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ரூபாய்லதானே கட்டினோம், நம்ம பேங்க் எதுக்குக் காசு கேக்கப் போகுது? கேக்குதுங்க! வெளிநாட்டுக் கடையில ரூபாய்ல கட்டினதுக்குன்னே பல பேங்க்ல தனியா ஒரு கட்டணம் வெச்சிருக்காங்க. 1 பர்சன்ட்னே வைங்க, 265 ரூபாய். அதுக்கு ஜிஎஸ்டி 47 ரூபா 70 காசு. மொத்தம் 26,812 ரூபா 70 காசு.

வித்தியாசம் 780 ரூபா 20 காசு. கோட்டுக்கு பட்டன் கூட எக்ஸ்ட்ரா கிடையாது.

சில ஏடிஎம்ல இது இன்னும் கில்லாடித்தனமா இருக்கும். "இந்த ரேட்டுக்கு மாத்த ஒத்துக்கறீங்களா?"ன்னு கேக்கும். ஒத்துக்கறேன்ங்கறது பச்சை, மறுக்கறேன்ங்கறது சிவப்பு. மறுத்தா காசே வராதோன்னு பயந்து பச்சையை அழுத்திடுவோம். சிவப்பை அழுத்துங்க. காசு வரும். ரேட்டைத்தான் மறுக்கறீங்க, காசை இல்ல.

கடையில கேக்காம ரூபாயை அழுத்திட்டாங்கன்னா என்ன பண்றது? பில்லைப் பாருங்க. ரூபாய் போட்டிருந்தா கையெழுத்துப் போடாதீங்க. "கேன்சல் பண்ணிட்டு பாட்ல போடுங்க"ன்னு சொல்லுங்க. உங்களைக் கேட்டுத்தான் மாத்தணும்ங்கறது வீசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு நெட்வொர்க்கோட விதி. "மெஷின் தானா பண்ணிடுச்சு"ன்னு சிரிப்பாங்க. நாமளும் சிரிச்சுக்கிட்டே நிக்கணும், நகரக் கூடாது.

நான் நகந்துட்டேன். கோட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அதுல மயங்கிட்டேன்.

(எழுந்து நிக்கறேன். இனிமே கொஞ்சம் வேகம்.)

ஏடிஎம்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. கிரெடிட் கார்டுல பணம் எடுக்கவே எடுக்காதீங்க. எடுத்த நாள்லேர்ந்தே வட்டி ஓடும், அம்பது நாள் அவகாசமெல்லாம் கிடையாது. டெபிட் கார்டோ, முன்னாடியே வெளிநாட்டுப் பணம் ஏத்தி வெச்சுக்கற ஃபாரெக்ஸ் கார்டோ எதுக்கு இருக்கு?

ஹோட்டல்ல டெபாசிட்னு ஒரு தொகையைப் பிடிச்சு வெப்பாங்க. அது செலவு இல்ல, ஆனா உங்க லிமிட்ல அவ்வளவும் முடங்கிடும், ரூமைக் காலி பண்ணினாலும் திரும்பி வர சில நாள் ஆகும். சின்ன லிமிட் கார்டை இதுக்குக் கொடுத்துட்டு மிச்ச நாளைக்குத் திண்டாடாதீங்க.

அமெரிக்காவுல பிள்ளைங்க வீட்டுக்குப் போற அப்பா அம்மாக்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். அங்க பெரும்பாலான பெட்ரோல் பங்க்ல போட்டு விட ஆள் இருக்க மாட்டாங்க, பம்ப்லயே கார்டைப் போடணும். போட்டா "ஜிப் கோடு" கேக்கும். அவங்க ஊர்ல அஞ்சு நம்பர். நம்ம தி.நகர் 600017, ஆறு நம்பர். அஞ்சுக்கு மேல அழுத்தினா ஏத்துக்காது, அஞ்சோட நிறுத்தினா நம்ம பேங்க்ல இருக்கற அட்ரஸோட ஒத்துப் போகாது. கார்டுல எந்தக் கோளாறும் இல்ல. பக்கத்துல இருக்கற கடைக்குள்ள போய் "நாலாம் நம்பர் பம்ப், இருபது டாலர்"னு சொல்லி கவுன்ட்டர்ல கட்டிட்டு வந்து போட்டுக்கங்க. எவ்வளவு சிம்பிள்! ஆனா முதல் தடவை அந்த பம்ப் முன்னாடி நிக்கறப்ப அழுகையே வரும்னு எங்க பெரியம்மா சொன்னாங்க.

அதே அமெரிக்காவுல காஸ்ட்கோன்னு பெரிய கடை இருக்கு. கிரெடிட் கார்டுன்னா அங்க வீசா மட்டும்தான். வண்டி நிறைய சாமான் ஏத்திட்டு மாஸ்டர்கார்டை நீட்டினா வேலைக்கு ஆகாது. அதனால ரெண்டு கார்டு, ரெண்டு நெட்வொர்க், ரெண்டு வேற இடத்துல. ரெண்டையும் ஒரே பர்ஸ்ல வெச்சா பிக்பாக்கெட்காரனுக்குத்தான் வசதி.

பர்ஸே போயிடுச்சு! இப்ப என்ன? முதல்ல ஆப்ல பிளாக் பண்ணுங்க. ஆப் வேலை செய்யலன்னா போன். இங்கதான் இன்னொரு கூத்து. கார்டுக்குப் பின்னாடி 1800ல ஆரம்பிக்கற நம்பர் இருக்கே, அது நம்ம நாட்டுக்குள்ள மட்டும்தான். வெளிநாட்டுலேர்ந்து போகாது. +91 போட்டு எஸ்டிடி கோடோட அடிக்கற நம்பர் ஒண்ணு பேங்க் வெப்சைட்ல இருக்கும். அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, பர்ஸ்ல இல்லாம, பெட்டியில போட்டு வைங்க. கார்டு தொலைஞ்சா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு தொலைஞ்ச கார்டுக்குப் பின்னாடியே அச்சடிச்சு வெச்ச புத்திசாலி யாருன்னு எனக்கு ரொம்ப நாளா பாக்கணும்னு ஆசை.

ஊருக்குத் திரும்பின அப்புறம் "உங்க கார்டுல 300 டாலர் செலவு"ன்னு மெசேஜ் வருதா? பதறாம படிங்க. நிறைய வெளிநாட்டு வெப்சைட்ல ஓடிபி கேக்கறதே இல்ல. கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கற மூணு நம்பர் தெரிஞ்சா போதும். ரிசர்வ் பேங்கோட 2017 உத்தரவுப்படி, தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்லன்னா, மெசேஜ் வந்து மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. நாலுலேர்ந்து ஏழு வேலை நாளாச்சுன்னா அஞ்சு லட்சம் வரைக்கும் லிமிட் இருக்கற கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதுக்கு மேல லிமிட்னா 25,000. தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான், நீங்க இல்ல. ஆனா ஓடிபியை நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தா, பேங்க்ல புகார் சொல்ற வரைக்கும் போனதெல்லாம் உங்க கணக்குதான். புகார் நம்பரை வாங்கி வெச்சுக்கங்க. ஊருக்கு வந்த அன்னிக்கே அந்த வெளிநாட்டு சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க. பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி.

(மறுபடி அந்த பில் கையில.)

கடைசி நாள் ஏர்போர்ட். ஃபிளைட்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தது, ரெண்டு காபி சொன்னோம். மச்சான் கார்டை நீட்டறான், மெஷினைத் திருப்பிக் காட்டறாங்க. பாட், ரூபாய்னு ரெண்டு வரி. அப்ப எனக்கே இந்தக் கதையெல்லாம் தெரியாது. "நம்ம காசுலயே கட்டிடலாம்டா, கணக்கு ஈசியா இருக்கும்"னு ரூபாயை அழுத்திட்டு, "உனக்குத்தான் கார்டு வேலை செய்யாதே"ன்னு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு.

ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்தக் காபிக்கு எவ்வளவு கூடப் போயிருக்குன்னு கணக்குப் போட்டு, நம்ம நண்டு கதை ஓடற அதே ஃபேமிலி குரூப்ல போட்டேன். பதினோரு ரூபாய். இன்னும் ப்ளூ டிக் வரல.

அடுத்த வீடியோ ஃபாரெக்ஸ் கார்டு பத்தி. அதுல நீங்க மாட்டின கதை இருந்தா கமென்ட்ல எழுதுங்க. கதையை மட்டும். நம்பரை இல்ல.