"வெயில் தாங்குவாங்க"ன்னுதான் ஆப்பிரிக்கர்களை அடிமையாக்கினாங்களா?

வணக்கம் மக்களே. இந்த வாரம் ஒரு ரீல் சுத்திட்டிருக்கு, உங்கள்ல நிறைய பேர் எனக்கும் அனுப்பியிருக்கீங்க. "ஆப்பிரிக்கர்கள் வெயில் தாங்குவாங்க, அதனாலதான் வெள்ளைக்காரன் அமெரிக்காவுக்குக் கொண்டு போனான்"னு. பார்த்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. அது அன்னைக்குத் தோட்ட முதலாளிங்க தங்களுக்கு வசதியா சொல்லிக்கிட்ட கதைங்க!

கரீபியன் கடல்ல இருக்கிற பார்படோஸை எடுத்துக்கோங்க. மொத்தமே 430 சதுர கிலோமீட்டர் தீவு. 1627ல ஆங்கிலேயர்கள் குடியேறினப்போ அந்த வெயில்ல புகையிலையும் பருத்தியும் போட்டது பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்துல இருந்து வந்த ஒப்பந்தக் கூலிங்க. கப்பல் செலவுக்கு ஈடா அஞ்சாறு வருஷம் உழைக்கணும், அவ்வளவுதான்.

1640கள்ல கரும்பு வந்துச்சு. இங்கதான் விலையைப் பார்க்கணும். நல்ல திடமான ஆப்பிரிக்க ஆணுக்கு 30 பவுண்டு, பெண்ணுக்கு 25, 27. ஒப்பந்தக் கூலிக்கு அதுல பாதி கூட ஆகாது. அப்போ விலை கூடின ஆளை ஏன் வாங்கணும்? ஏன்னா கூலிக்காரன் தவணை முடிஞ்சா கிளம்பிடுவான், கொடுமை பண்ணா கோர்ட்டுக்குப் போவான். தவணை முடிஞ்சவங்களுக்குக் கொடுக்க அங்க நிலமும் தீர்ந்துபோச்சு, அதனால புதுசா வர்றவங்களும் குறைஞ்சாங்க. ஆப்பிரிக்கருக்குத் தவணையே கிடையாது. 1636லயே பார்படோஸ் ஆளுநர் கவுன்சில் முடிவு பண்ணிடுச்சு: வேற ஒப்பந்தம் இல்லைன்னா ஆயுசுக்கும் உழைக்கணும். 30 பவுண்டுல அவங்க வாங்கினது ஒரு முழு ஆயுசை.

போன கரும்பு வீடியோலயே சொன்னேன்ல, வெட்டின கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாள்ல ஆலைக்குப் போகணும், சாறு ஒரு நாள் தாண்டினா புளிச்சிடும். அதனால அறுவடை மாசங்கள்ல ராத்திரி பகல் ஆலை ஓடும். மூணு உருளை, இரும்புத் தகடு அடிச்சது, செங்குத்தா நிக்கும். இந்தப் பக்கம் ஒருத்தர் கரும்பைக் கொடுப்பாங்க, அந்தப் பக்கம் இருக்கிறவர் சக்கையை வாங்கி அடுத்த இடுக்குல திருப்பி விடுவாங்க. தூக்கக் கலக்கத்துல விரல் மாட்டினா கை முழுசா உள்ள போகும். மாடு சுத்துற ஆலையை டக்குனு நிறுத்த முடியாது. அதுக்குன்னே பக்கத்துல ஒரு கோடாரி வெச்சிருப்பாங்க, கையை வெட்டி ஆளை எடுக்க. அங்கிருந்து சாறு காய்ச்சுற வீடு: வரிசையா செப்புக் கொப்பரைங்க, சுண்ணாம்பு போட்டு, அழுக்கு நுரையை வழிச்சுக்கிட்டே இருக்கணும். கடைசிக் கொப்பரைப் பாகு மேல பட்டா ஒட்டிக்கிட்டே வேகும். போக வழி இருக்கிறவன் எவனும் இந்த வேலைல நிக்க மாட்டான். அடிமைத்தனத்தோட வேர் அங்கதான் இருக்கு.

நோயும் ஒரு காரணம்தான், மறுக்கல. 1647ல பார்படோஸ்ல மஞ்சள் காய்ச்சல் ஆயிரக்கணக்குல ஆளை வாரிட்டுப் போச்சு. மேற்கு ஆப்பிரிக்கால சின்ன வயசுலயே அது வந்து பிழைச்சவங்களுக்குத் திரும்ப வராது. ஆனா அது தோல் நிறம் சம்பந்தப்பட்டதே இல்ல.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், கொஞ்சம் பின்னாடி போகணும். இது அமெரிக்கால ஆரம்பிச்சதே இல்ல. போர்ச்சுகீசியர்கள் 1482லயே இன்னைக்கு கானாவா இருக்கிற கரைல எல்மினா கோட்டை கட்டிட்டாங்க. 1500கள்ல ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சாவோ தோமே தீவுல ஆப்பிரிக்க அடிமைகளை வெச்சே கரும்புத் தோட்டம் ஓடுச்சு. அமெரிக்கப் பூர்வகுடிகள் அம்மையிலயும் கொடுமையிலயும் அழிஞ்சாங்க, 1542ல ஸ்பெயின் அவங்களை அடிமையாக்கத் தடையும் போட்டுச்சு. அப்போ ஆள் வாங்கற சந்தை ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. உள்ளூர் அரசர்களும் வியாபாரிகளும் போர்க் கைதிகளை வித்தாங்க. பதிலுக்கு வாங்கினது துப்பாக்கி, இரும்பு, அப்புறம் துணி. அந்தத் துணில நம்ம சோழமண்டலக் கரைல நெய்த பருத்தியும் உண்டு. இதைச் சொல்லாம விடவே கூடாது.

சட்டம் பின்னாடியே வந்துச்சு. 1661ல பார்படோஸ் அடிமைச் சட்டம். அடுத்த வருஷம் வட அமெரிக்கால இருந்த ஆங்கிலேயக் காலனி வர்ஜீனியால, தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமை.

கடைசியா இந்தக் கணக்கைப் பாருங்க. பார்படோஸ்ல அடிமையா கொண்டு வந்து இறக்கின ஆப்பிரிக்கர்கள் மொத்தம் கிட்டத்தட்ட 4,90,000 பேர். 1834ல விடுதலை வந்தப்போ அங்க அடிமையா இருந்தவங்க சுமார் 83,000. பிள்ளை பெத்து வளர விடுறதை விட புதுசா வாங்கறது மலிவுன்னு ரொம்ப காலம் முதலாளிங்க கணக்குப் போட்டாங்க. 1807ல பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை பண்ற வரைக்கும் கப்பல் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.