சன்னலில் வண்டு, சேலையில் ஓட்டை

(திரையில்: சன்னல் விளிம்பில் ஊரும் சின்ன வண்டு)

இந்த வண்டை நல்லாப் பாருங்கள். எள்ளு அளவுதான், 2 அல்லது 3 மில்லிமீட்டர். கறுப்பு முதுகில் வெள்ளையும் பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகச் செதில். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசல் சன்னலில் இதை எத்தனையோ நாள் பொறிவண்டு என்று நினைத்து வெளியே தட்டி விட்டிருக்கிறேன். இது கம்பள வண்டு. வளர்ந்த வண்டுக்குச் சாப்பாடு பூவின் மகரந்தமும் தேனும்தான், துணியைத் தொடாது. வெளியே போக வெளிச்சம் தேடித்தான் சன்னலுக்கு வருகிறது. ஆனால் அடிக்கடி கண்ணில் பட்டால், அதன் புழு வீட்டுக்குள் எங்கோ இருட்டில் வளர்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எங்களுக்கு அது தெரிந்தது ஆச்சியின் முகூர்த்தப்பட்டைப் பிரித்த அன்றைக்கு.

(திரையில்: சேலை மடிப்பு, கிட்டத்தில்)

மடிப்புக்குள் கோணல்மாணலாக ஓட்டைகள், பக்கத்திலேயே நெல் உமி மாதிரி, மயிர் முளைத்த சின்னச் சின்னக் கூடுகள். புழு உரித்துப்போட்ட சட்டை அது, பாம்புச் சட்டை போல. உயிரோடும் ஒன்று கிடந்தது: நாலைந்து மில்லிமீட்டர், பட்டை பட்டையாகப் பழுப்பு, உடம்பெல்லாம் ரோமம், ஊசி முனையால் லேசாகத் தொட்டதும் வால் பக்கத்து மயிரை விசிறி மாதிரி விரித்துக்கொண்டது. ஆச்சி அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பட்டு, கம்பளி, இறகு, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, இப்படி உயிரினங்களிடமிருந்து வருவதுதான் இந்தப் புழுவுக்குத் தீனி. பத்தமடைப் பாயைச் சீந்தாது, அது கோரை. பருத்தி வேட்டியில்கூட வியர்வையோ குழம்புக் கறையோ இருந்தால்தான் வாய் வைக்கும்.

அப்புறம், உடம்பில் தடிப்பு வந்த உடனே மூட்டைப்பூச்சி என்று மெத்தைக்கு மருந்து அடித்துவிடாதீர்கள். கம்பள வண்டு கடிக்காது, ரத்தம் குடிக்காது. புழுவின் ரோமம் பட்டுச் சிலருக்கு அரிக்கும், அவ்வளவுதான். மூட்டைப்பூச்சி என்றால் மெத்தைத் தையலோரம் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

முதலில் தேட வேண்டியது கம்பள வண்டு பெருகும் இடத்தை. எங்கள் வீட்டில் அது பீரோவுக்கு நேர் மேலே, வெண்டிலேட்டரில் குருவி விட்டுப்போன பழைய கூடு. (குருவி குடியிருக்கும் கூட்டைக் கலைக்காதீர்கள்.) ட்யூப்லைட்டில் செத்துக் கிடக்கும் ஈசல், பீரோ அடியில் சுருண்ட முடி, எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள்.

சேலையைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் முழுக்க இறங்கட்டும், இல்லையென்றால் பட்டில் ஈரம் கோத்துவிடும். பாச்சை உருண்டை போடுவதென்றால் இறுக மூடிய பெட்டிக்குள் மட்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.