ரங்கநாதன் தெரு: நடப்பவர்களும் நிற்பவர்களும்

வணக்கம். ரங்கநாதன் தெரு என்று தலைப்பைச் சொன்னதுமே முன்வரிசையில் சிலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். நல்ல பழக்கம்தான்.

தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதைத் தூர்த்து மனை போட்டார்கள். தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, உஸ்மான் பெயரில் சாலை என்று கட்சிப் பிரமுகர்கள் பலருக்கும் அங்கே இடம் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்தான் இல்லை. ஐப்பசி மழையில் சில நாள் வந்து போகும்.

ரங்கநாதன் தெரு அப்போது வீடுகள் இருந்த தெரு. அதைக் கடைத்தெரு ஆக்கியது மாம்பலம் ரயில் நிலையம். 1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தெருவின் ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் உஸ்மான் சாலை, பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. ரயிலை விட்டு இறங்குகிறவர் இந்த வழியாகத்தான் நடந்தாக வேண்டும். நடக்கிறவர் கண்ணில் படும்படி ஒருவர் காய்கறிக் கூடையை இறக்கினார், அடுத்தவர் பாத்திரம் அடுக்கினார். அப்புறம் ஜவுளி, நகை, மாடிக்கு மேல் மாடி. தெரு மட்டும் அகலவில்லை. அரை கிலோமீட்டர்கூட நீளம் இல்லாத அந்தச் சந்தில் 2008-இல் ஒரு பெரிய கடை தீப்பிடித்தபோது ஊழியர்கள் இருவர் இறந்தார்கள்.

அந்த ஊழியர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கடை கொடுக்கும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கே நிறைய. நாம் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 'அப்புறம் வரோம்' என்று நகர்ந்துவிடுவோம். மடித்து வைப்பது அவர்கள், காலையிலிருந்து நின்றபடியே. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. உட்காருவதற்கும் சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்!

2023-இல் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை வந்தது. அவசரக்காரர்கள் மேலே போகலாம். சரி, நடக்கிறவர்களுக்கு வழி செய்தாயிற்று. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லை என்றால் விற்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவளுக்கு வம்பாகிவிடும். பில் போடும்போது மேலாளரிடம் கேளுங்கள்.