அம்மாவுக்கு மாத்தினது கண்ணு இல்ல, உள்ள இருக்கிற ஒரு தோலு!

வணக்கம் மக்களே. இன்னைக்கு மாடித்தோட்டம் கிடையாது, கத்தரி நாத்து அடுத்த வாரம். இன்னைக்கு அம்மாவோட கண்ணு பத்திதான். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம், நேத்து அந்தச் செக்கப் முடிச்சுட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா மாடிக்குப் போனாங்க. செம்பருத்தி இலையைத் திருப்பிப் பாத்துட்டு, "டேய், மாவுப்பூச்சி ஏறியிருக்குடா, வேப்பெண்ணெய் எடுத்துட்டு வா"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு வருஷமா அந்தச் செடியே அவங்களுக்குப் பச்சையா ஒரு மங்கல்தான்.

போன வீடியோவுக்குக் கீழ பாதிப் பேரு "வேற கண்ணு வெச்சாங்களா"ன்னு கேட்டிருந்தீங்க. பெரியம்மா போன்ல ஒரே அழுகை, "எவ கண்ணோ அவளுக்கு எதுக்குடா"ன்னு. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. முழுக் கண்ணையும் மாத்திப் பார்வை வர வைக்கிறது உலகத்துல இன்னும் எங்கயும் நடக்கல. மாத்துறது முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழியை. அம்மாவுக்கு அதைக்கூட முழுசா மாத்தல. கருவிழியோட கனமே அரை மில்லிமீட்டர். அதுல உள்பக்கமா ஒட்டியிருக்கிற கடைசித் தோலு இருக்கே, ஒரு மில்லிமீட்டரை நூறா வகுந்தா ஒரு பங்கு, மிஞ்சிப்போனா ஒன்றரைப் பங்கு. மாத்தினது அதை மட்டும்தான்.

அந்தத் தோலுல இருக்கிற செல்லுங்கதான் கருவிழிக்குள்ள இறங்குற தண்ணியை இறைச்சு வெளிய தள்ளுற மோட்டார். அது ஓடுற வரைக்கும் கருவிழி தெளிவா இருக்கும். அந்தச் செல்லு செத்தா நம்ம உடம்பு புதுசா உண்டாக்காது, மிச்சம் இருக்கிறது பரவி இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். அம்மாவுக்கு வந்தது ஃபூக்ஸ்னு ஒரு நோய். வியன்னாவுல எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ்னு ஒரு டாக்டர் 1910ல எழுதி வெச்சது. காலையில எழுந்தா ஒரே புகைமூட்டம், மத்தியானத்துக்கு மேல தெளியும். ராத்திரி பூரா கண்ணு மூடியே இருக்கிறதால தண்ணி காய வழியில்ல, அதான். நம்ம பழைய வீடியோ எடுத்துப் பாருங்க, அம்மா வர்ற இடமெல்லாம் சாயங்கால வெயிலாத்தான் இருக்கும். காலையில கேமரா முன்னாடி வரவே மாட்டாங்க. ரெண்டு தடவை மூக்குக்கண்ணாடி மாத்தினோம், ஒரு பிரயோசனமும் இல்ல.

அட, எந்தக் கண்ணுன்னே சொல்லல பாருங்க. வலது கண்ணு. இடதுலயும் இருக்கு, இன்னும் முத்தல.

ஆபரேஷன் பேரு டிமெக். 2006ல நெதர்லாந்துல, ராட்டர்டாம்ல, கெரிட் மெல்லஸ்னு ஒரு டாக்டர் கொண்டு வந்தது. தானமா வந்த கருவிழியில இருந்து அந்தத் தோலை மட்டும் உரிப்பாங்க. உரிச்ச உடனே பாய் மாதிரி தானா சுருண்டுக்கும். கண்ணுக்குத் தெரியணும்னு நீலச் சாயம் ஏத்தி, சின்னக் குழாய் வழியா உள்ள விட்டு, வெளிய இருந்து கருவிழியைத் தட்டித் தட்டியே விரிப்பாங்க. தலைகீழா விரிஞ்சா மோட்டார் வேலை செய்யாது. அதனால முன்கூட்டியே அதுல ஒரு எழுத்தை அச்சு வெச்சிருப்பாங்க, அந்த எழுத்து நேராத் தெரியணும். அப்புறம் அடியில காத்துக் குமிழி விட்டு மேல ஒட்ட வைக்கிறது. அந்தத் தோலைப் பிடிக்க ஒரு தையல்கூடக் கிடையாது! அம்மாவோட சித்தப்பாவுக்கு அந்தக் காலத்துல முழுக் கருவிழி மாத்தினப்போ சுத்தி 16 தையல், எல்லாத்தையும் பிரிச்சு முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இப்ப படுக்கிற கதைக்கு வரேன். குமிழி மேல மிதந்தாத்தான் தோலு ஒட்டும், அதனால மல்லாந்து விட்டத்தைப் பாத்தே படுத்திருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக எழுந்திருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா அம்மா அசையவே மாட்டேன்னுட்டாங்க, குமிழி நகந்துருமாம். சரின்னு ஸ்ட்ரா வாங்கினேன். காகித ஸ்ட்ரா, ரசத்துல ரெண்டே நிமிஷத்துல ஊறித் துவண்டுருச்சு. எனக்கு அந்தக் காகித ஸ்ட்ரா சுத்தமாப் பிடிக்காது. வளையிற ஸ்ட்ரா தேடி மூணு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கல. அப்பதான் பீரோவுல இருந்த பாலாடை ஞாபகம் வந்துச்சு. எனக்குக் குழந்தையில மருந்து ஊத்தின வெள்ளிப் பாலாடை! புளி போட்டுத் தேய்ச்சு, வெந்நீர்ல கழுவி எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு மடக்கா ரசம் குடுத்தேன். புரை ஏறவே இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! மறுநாள் நர்ஸம்மா பாத்துட்டு, "இப்படி ஊட்டாதீங்க, எழுந்து உக்காந்தே சாப்பிடலாம்மா"ன்னு அவங்களே தூக்கி உக்கார வெச்சாங்க. நீங்க யாரும் இதைச் செய்யாதீங்க, டாக்டர் சொல்றபடி கேளுங்க.

நாலாவது நாள் ஒட்டின தோலு ஒரு ஓரம் லேசா விட்டுருச்சு. எனக்கு உசுரே போச்சு. டாக்டர் பதறவே இல்ல, இது அப்பப்ப நடக்கிறதுதான்னு திரும்பக் காத்து விட்டாங்க. திரும்பவும் மல்லாக்கப் படுக்கை. அந்த நேரம் பாத்து மாமா கொடைக்கானலுக்குக் கூப்பிடுறாரு. கண்ணுக்குள்ள காத்து இருக்கும்போது மலை ஏறவே கூடாது, உயரம் போனா குமிழி பெருத்து கண்ணுல அழுத்தம் ஏறும். முடியவே முடியாதுன்னுட்டேன்.

முழுக் கருவிழி மாத்தினா, வந்த கருவிழியை உடம்பு ஏத்துக்காமப் போற பயம் அதிகம். அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல செஞ்சு 2012ல வெளியான ஆய்வுல, ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தச் சிக்கல் வந்தது முழு மாற்றத்துல நூத்துக்கு 18 பேருக்கு, டிமெக்ல நூத்துக்கு ஒருத்தருக்கு. அதுக்கும் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, கண் அழுத்தமும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல ஹர்மிந்தர் துவான்னு ஒரு கண் டாக்டர் 2013ல கருவிழியில இன்னொரு மெல்லிய அடுக்கு இருக்குன்னு சொன்னாரு. நம்ம சென்னையில கண் டாக்டர் அமர் அகர்வால் அந்த அடுக்கையும் சேத்து எடுத்து வைக்கிற முறையை அவரோட சேந்து கொண்டு வந்தாரு, பேரு பிடெக். தோலு கொஞ்சம் தடிமனா இருக்கிறதால விரிக்கிறது சுலபம், சின்ன வயசுல இறந்தவங்க தானமும் உதவும். முன்பக்கம் கூம்பாப் போன கண்ணுக்கு முன் அடுக்கு, அம்மா மாதிரி ஆளுக்குப் பின் அடுக்குன்னு ஒரே கருவிழியை ரெண்டு பேருக்குப் பிரிச்சும் குடுக்கலாம். பெரியம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன். யாரோ ஒரு வீட்டுல சாவு விழுந்த ஆறு மணி நேரத்துக்குள்ள, ஃபேனை நிறுத்தி, மூடின கண்ணு மேல ஈரப் பஞ்சு வெச்சு, போன் பண்ணிக் குடுத்திருக்காங்க. அந்த வீட்டுக்காரங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. அம்மா தினமும் விளக்கேத்தும்போது அவங்களுக்குன்னு ஒரு திரி சேத்துப் போடுறாங்க.

ஜப்பான்ல கியோட்டோவுல கினோஷிதான்னு ஒரு டாக்டர், தோலே வேண்டாம்னு, அந்த மோட்டார் செல்லை மட்டும் வளத்து ஊசியில கண்ணுக்குள்ள விட்டாரு. 2023ல அங்க அனுமதியும் குடுத்துட்டாங்க. ஒருத்தர் தானம் நிறைய பேருக்கு ஆகும். ஆனா அதுக்கு மூணு மணி நேரம் குப்புறப் படுக்கணும். அம்மாகிட்ட சொன்னேன். "இடது கண்ணுக்கு அது இங்க வந்தா சொல்லு, எப்படி வேணா படுக்கிறேன்"னாங்க.

எட்டு மணி ஆச்சு, சொட்டு மருந்துக்குக் கூப்பிடுறாங்க. வரேன்மா! அடுத்த வாரம் கத்தரி நாத்தோட பாக்கலாம் மக்களே.