இறக்கைக்கு அடியில் ஒரு டிரெயின் வால்வு: அதைப் பூட்டுவது எப்படி?

[காட்சி: இறக்கையின் அடிப்பக்கம். விரல் நுனி அளவில் ஒரு வால்வு.]

சின்ன விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்தால் இது கண்ணில் படும். எரிபொருள் டேங்கின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் டிரெயின் வால்வு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் டேங்குக்குள் புகுந்த ஈரம் இங்கேதான் வந்து தங்கும். பறப்பதற்கு முன் பைலட் ஒரு குப்பியை வைத்து இதை மேலே அழுத்தி, கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார்.

நேராக அழுத்தினால் போதும். ஆனால் கை சும்மா இருக்குமா? அழுத்தும்போதே கொஞ்சம் திருகும். நாள்தோறும் இந்தத் திருகல், கூடவே இன்ஜினின் அதிர்வு. மரை மெல்ல நெகிழ்ந்துகொடுக்கலாம்.

[காட்சி: வால்வைச் சுற்றி நீலக் கறை.]

சின்ன விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்.எல். என்ற ரகப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். அதனால் கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். உடனே ஸ்பானரைத் தேடாதீர்கள். முதலில் துடைத்துவிட்டு, எங்கிருந்து ஊறுகிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து சொட்டினால் உள்ளே ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு துகள் சிக்கியிருக்கும். இரண்டு மூன்று தடவை அழுத்தி விட்டாலே துகள் பெட்ரோலோடு வெளியே வந்துவிடும். வால்வை எவ்வளவு இறுக்கினாலும் இந்தச் சொட்டு நிற்காது.

மரை ஓரத்தில் ஈரம் இருந்தால்தான் பொருத்தியதில் கோளாறு. அங்கேயும் முரட்டு பலம் ஆகாது. மரை கூம்பாக இருக்கும் ரகத்தை மேலும் மேலும் இறுக்குவது ஆப்பு அடிப்பதைப் போல. டேங்கின் மரை வாயே பிளந்துவிடும். டேங்கைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, பராமரிப்புக் கையேடு சொல்லும் பசையைத் தடவிப் பொருத்த வேண்டும். தண்ணீர்க் குழாய் வேலையில் பழகியவர்கள் டெஃப்ளான் டேப்பைச் சுற்றப் பார்ப்பார்கள். வேண்டாம். அதன் இழை பிய்ந்து எரிபொருளோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

[காட்சி: லாக் வயர், முறுக்கும் பிளையர். மிக அருகில்.]

இப்போது லாக் வயர், அதாவது வால்வு தானாகக் கழன்றுவிடாமல் கட்டிப் பூட்டும் கம்பி. வால்வின் தலையில் கம்பி கோக்க ஓட்டை இருக்கும் ரகத்துக்குத்தான் இது. ஓட்டை இல்லையென்றால் நீங்களாகத் துளை போடக் கூடாது. பெரும்பாலும் 0.032 அங்குலக் கம்பி, அதாவது சுமார் 0.8 மி.மீ. ஓட்டையில் கோத்து, இரண்டு முனைகளையும் சேர்த்து அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு வரும்படி முறுக்கி, பக்கத்தில் அசையாத ஒரு பிடிமானத்தில் கட்ட வேண்டும்.

எல்லோரும் தடுமாறும் இடம் திசைதான். கம்பி வால்வை இறுகும் பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். சோதிக்க எளிய வழி: வால்வு கழல்வதாக மனதில் ஓட்டிப் பாருங்கள். அப்போது கம்பி விறைத்தால் சரி, தொய்ந்தால் தப்பான பக்கம் கட்டியிருக்கிறீர்கள். வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி எடுங்கள். பழையதை மறுபடி முறுக்கினால் அறுந்துவிடும். அதிகமாக முறுக்கினாலும் அதே கதிதான்.

கடைசி முனையை அரை அங்குலத்துக்குள் நறுக்கி, உள்பக்கமாக மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குப்பியோடு வரும் அடுத்த ஆளின் விரலை அது கிழிக்கும். எனக்குக் கிழித்திருக்கிறது.

அப்புறம் டேங்கை நிரப்பி, வால்வை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, சுற்றிலும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். துணியில் நீலம் ஒட்டாவிட்டால், உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடலாம்.